பெர்ஃப் காட்டும் எண்ணை எதுவரை நம்பலாம்? (கெர்னல் அளவீட்டுக் கருவிகளும் அவற்றின் பராமரிப்பும்)

புதுவயல்_பட்டறை | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அரிசி ஆலைகளில் இருக்கும் கலர் சார்ட்டர் பெட்டிகளைப் பழுது பார்ப்பதும், பழைய பெட்டிகளில் புது கேமரா போர்டு பொருத்திக் கொடுப்பதும் எங்கள் வேலை. போர்டில் இருப்பது கார்டெக்ஸ் ஏ53 என்ற ஆர்ம் பிராசசர், நான்கு கோர், லினக்ஸ் கெர்னல் 5.15. சரிவில் அரிசி விழுந்துகொண்டே இருக்கும், கேமரா வரி வரியாகப் படம் எடுக்கும், கருப்பு அரிசியோ கல்லோ வந்தால் கீழே உள்ள காற்று வால்வு அதை ஊதித் தள்ளும். படம் கொஞ்சம் பிந்தினாலும் காற்று நல்ல அரிசியின் மேல் அடித்துவிடும். கழிவு மூட்டையில் நல்ல அரிசி போனால் ஆலைக்காரர் சும்மா இருப்பாரா?

இப்போது முழு வேகத்தில் ஓட்டும்போது அவ்வப்போது ஃப்ரேம் விடுபடுகிறது. எந்தச் செயல்கூறில் எவ்வளவு நேரம் போகிறது என்று சாம்பிள் எடுத்துக் காட்டும் லினக்ஸ் கருவி பெர்ஃப், அதில் ரெக்கார்ட் போட்டுப் பார்த்தேன். ரிப்போர்ட்டின் உச்சியில் நிற்பது ரா ஸ்பின் அன்லாக் ஐஆர்க்யூ ரிஸ்டோர், அதாவது கெர்னலில் ஒரு பூட்டைத் திறக்கும் செயல்கூறு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதன் பெயரில். டிரைவர் எழுதிக் கொடுத்தவர்கள், "பூட்டுக்குப் போட்டி நடக்கிறது, பூட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும்" என்கிறார்கள். அது பெரிய வேலை. போட்டி என்றால் பூட்டை வாங்கும் இடத்தில்தானே நேரம் போக வேண்டும்? திறக்கும் இடத்தில் ஏன் போகிறது?

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தக் கருவிகளை எல்லாம் யாராவது ஒழுங்காகப் பராமரிக்கிறார்களா, அல்லது எழுதியதோடு விட்டுவிட்டார்களா?

---

காரைக்குடி_கெர்னல் | திங்கள், இரவு 10:05

சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள் அண்ணே. பூட்டைப் பிரிக்கும் பேச்சை இரண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று பாருங்கள். ரிப்போர்ட்டின் முதல் வரியில் "இத்தனை சாம்பிள், இந்த ஈவென்ட்" என்று இருக்கும். எதை எண்ணிச் சாம்பிள் எடுத்தது என்பதுதான் ஈவென்ட். அதன் பெயர் சைக்கிள்ஸா, சிபியு-கிளாக்கா? கூடவே கெர்னல் செய்திகள் வரும் டிமெசேஜில் பிஎம்யு (சிப்பில் உள்ள அளவீட்டுக் கவுன்டர் பகுதி) என்று தேடி, என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

---

புதுவயல்_பட்டறை | திங்கள், இரவு 10:31

சிபியு-கிளாக் என்று இருக்கிறது. டிமெசேஜில் பிஎம்யு என்று ஒரு வரியும் இல்லை. நான் எந்த ஈவென்டும் கேட்கவில்லை, சும்மா பெர்ஃப் ரெக்கார்ட் என்றுதான் போட்டேன்.

---

காரைக்குடி_கெர்னல் | திங்கள், இரவு 11:20

சரி, விஷயம் அங்கேதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஈவென்ட் எதுவும் சொல்லாவிட்டால் பெர்ஃப் முதலில் சைக்கிள்ஸைத்தான் கேட்கும். அது சிப்புக்குள் இருக்கும் வன்பொருள் கவுன்டர். உங்கள் போர்டில் கெர்னலுக்கு அந்தக் கவுன்டர் இருப்பதே தெரியவில்லை. அதனால் பெர்ஃப் தானாகவே சிபியு-கிளாக்குக்கு இறங்கிவிட்டது. அது கெர்னல் டைமரை வைத்து ஓடும் மென்பொருள் ஈவென்ட். 5.15-இல் இப்படி இறங்கியதைச் சொல்லும் செய்தி உள்ளே இருக்கிறது, ஆனால் வெர்போஸ் சுவிட்ச் போட்டால்தான் திரையில் வரும். போடாதவருக்கு மிஞ்சுவது தலைப்பில் உள்ள அந்த ஒரு பெயர் மட்டும்.

டைமர் என்றால் இன்டரப்ட், அதாவது கோரின் வேலையை நிறுத்தித் தன்னைக் கவனிக்கச் சொல்லும் அழைப்பு. ஸ்பின் லாக் ஐஆர்க்யூ சேவ் போட்டு ஒரு கோடு ஓடும்போது அந்தக் கோரில் இன்டரப்ட் மூடியிருக்கும். சாம்பிள் எடுக்க வேண்டிய டைமர் அந்த நேரத்தில் அடித்தாலும் கோர் அதைக் காதில் வாங்காது. வேலை முடிந்து, அன்லாக் ஐஆர்க்யூ ரிஸ்டோர் வந்து இன்டரப்டைத் திறந்த அந்தக் கணத்தில் காத்திருந்த டைமர் உள்ளே பாயும். "இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம்?" என்று பார்த்தால் அன்லாக்கில் இருப்போம். பூட்டுக்குள் செலவான நேரமெல்லாம் அதன் தலையில் எழுதப்படும். உண்மையில் நேரத்தைத் தின்றவன் பட்டியலில் வரவே மாட்டான்.

எக்ஸ்86 சிப்புகளில் வன்பொருள் கவுன்டர் நிரம்பினால் என்எம்ஐயாக வரும். அதை மூட முடியாது, அதனால் இன்டரப்ட் மூடிய இடத்துக்குள்ளும் சாம்பிள் விழும். ஆர்ம் 64-இல் கவுன்டரின் இன்டரப்டும் சாதாரண இன்டரப்ட்தான். இன்டரப்டுகளைக் கோர்களுக்கு அனுப்பும் ஜிஐசி பகுதி மூன்றாம் பதிப்பாக உள்ள சிப் என்றால், போலி என்எம்ஐ வசதியைக் கெர்னலில் சேர்த்து, பூட் பாராமீட்டரிலும் இயக்கிக்கொள்ளலாம். ஏ53 போர்டுகளில் பெரும்பாலும் ஜிஐசி-400, அதாவது இரண்டாம் பதிப்பு. அதில் அந்த வழி இல்லை.

ஆகவே இரண்டு வேலை. முதலாவது, போர்டில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் பிஎம்யு நோட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நான்கு கோருக்கும் உரிய இன்டரப்ட் எண்களைச் சிப்பின் கையேட்டிலிருந்து எடுத்து எழுதிச் சேருங்கள். இரண்டாவது, இந்தக் கேள்விக்கு பெர்ஃப் போதாது. கெர்னலுக்குள்ளேயே இருக்கும் பதிவுக் கருவி எஃப்டிரேஸில் ஐஆர்க்யூஸ்ஆஃப் என்று ஒரு டிரேசர் உண்டு. இன்டரப்ட் மிக நீண்ட நேரம் மூடியிருந்த பகுதி எது, யார் மூடினார், யார் திறந்தார் என்று பெயரோடு சொல்லும். அதைக் கெர்னல் கட்டும்போதே சேர்த்திருக்க வேண்டும். ஓட்டும் முன் டிரேசிங் அடைவில் ஃபங்ஷன்-டிரேஸ் ஆப்ஷனைப் பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு செயல்கூறையும் பதிவு செய்யும் சுமையே தாமதத்தை ஏற்றிக் காட்டும். டிரேசிங் மேக்ஸ் லேட்டன்சியையும் பூஜ்யமாக்கிவிட்டு, ஆலையில் சார்ட்டர் முழு வேகத்தில் ஓடும்போது எடுங்கள்.

---

தேவகோட்டை_ரஸ்தா | செவ்வாய், காலை 7:15

இதே கதை வாடகை விர்ச்சுவல் மெஷின்களிலும் உண்டு. பல இடங்களில் விருந்தாளி மெஷினுக்கு பிஎம்யு கொடுப்பதே இல்லை. மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் பெர்ஃப் ஸ்டாட் போட்டால் "நாட் சப்போர்ட்டட்" என்று நேர்மையாகச் சொல்லிவிடும். ரெக்கார்ட் மட்டும் சத்தமில்லாமல் டைமருக்கு இறங்கும். புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் அன்லாக்கைப் பார்த்து "பூட்டுப் பிரச்சினை" என்று டிக்கெட் போடுகிறார்கள்.

ஸ்டாட்டிலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். வலது ஓரத்தில் சதவீதம் வந்தால், அந்தக் கவுன்டர் முழு நேரமும் ஓடவில்லை என்று பொருள். கேட்ட ஈவென்ட் அதிகம், சிப்பில் கவுன்டர் குறைவு, அதனால் முறை வைத்து மாற்றி மாற்றி ஓட்டுகிறது. இடது பக்கம் காட்டும் எண், ஓடிய நேரத்தை வைத்து முழு நேரத்துக்கும் பெருக்கிப் போட்ட மதிப்பீடு. 30 சதவீதம் மட்டுமே ஓடிய கவுன்டரை வைத்து இரண்டு கெர்னல்களை ஒப்பிட்டுச் சண்டை போடுபவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். சர்வரில், கோர் உறைந்துவிட்டதா என்று பார்க்கும் என்எம்ஐ வாட்ச்டாக் வேறு ஒரு கவுன்டரைப் பிடித்து வைத்திருக்கும். அளக்கும் நேரத்துக்கு மட்டும் அதை அணைத்தால் ஒரு கவுன்டர் மிச்சம்.

---

கானாடுகாத்தான் | செவ்வாய், காலை 10:48

தம்பி புதுவயல், உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். இந்தக் கருவிகளோடு ரொம்ப காலம் புழங்கியவன்.

பெர்ஃபுக்கு முன்னால் ஓப்ரொஃபைல் என்ற அளவீட்டுக் கருவி இருந்தது. கெர்னலுக்குள் ஒரு பகுதி, வெளியே பின்னணியில் ஓடும் ஒரு டீமன், தனி வெளியீடு, தனி ஆட்கள். கெர்னல் ஒரு பக்கம் ஓடும், கருவி மறுபக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். 2009-இல் 2.6.31 கெர்னலோடு பெர்ஃப் வந்தபோது, கருவியின் மூலநிரலையும் கெர்னல் மரத்துக்குள்ளேயே, டூல்ஸ் அடைவில் வைத்தார்கள். இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் தொடங்கிய வேலை. வெளிப் பயன்பாட்டு நிரலைக் கெர்னல் மரத்தில் வைப்பதா என்று அப்போது பெரிய வாதம் நடந்தது. என் கணக்கில் அந்த முடிவுதான் பெர்ஃபைக் காப்பாற்றியது. கெர்னலில் ஈவென்ட் சேர்ப்பவரும் கருவியில் அதைக் காட்டுபவரும் ஒரே பேட்ச் வரிசையில் வேலை செய்ய முடிந்தது. கெர்னலுக்குள் இருந்த ஓப்ரொஃபைல் பகுதியை 2021-இல் 5.12-இல் எடுத்தே விட்டார்கள்.

பராமரிப்பவர் யார் என்றால், கருவிப் பக்கத்தை அர்னால்டோ கார்வால்யோ டி மெலோ நீண்ட காலமாகப் பார்த்து வருகிறார். நம்ஹ்யூங் கிம்மும் சேர்ந்து பார்க்கிறார். இது முழுநேர உழைப்பு, யாரும் கைவிட்டுப் போகவில்லை.

எங்கள் வீட்டில் ஐந்தொகை போடும்போது "இதர வகை" என்று ஒரு பெரிய தொகை நின்றால், கணக்கப்பிள்ளை அதைப் பிரித்து எழுதாமல் எழுந்திருக்க மாட்டார். உங்கள் அன்லாக் வரி அந்த இதர வகைதான். பிரித்தே ஆக வேண்டும்.

---

கழனிவாசல்_மாணவி | செவ்வாய், மாலை 5:30

அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பராமரிப்பு என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள் அண்ணா? கருவி எழுதி முடிந்துவிட்டது, வேலையும் செய்கிறது. அதற்குப் பிறகு தினமும் செய்ய என்ன இருக்கிறது? எங்களைப் போன்றவர்கள் கைவைக்கக்கூடிய இடம் ஏதாவது உண்டா?

---

காரைக்குடி_கெர்னல் | செவ்வாய், இரவு 9:55

நல்ல கேள்வி தங்கச்சி. வெளியே தெரியாத வேலைதான் அதில் முக்கால்வாசி.

முதலில் ஏபிஐ, அதாவது கருவியும் கெர்னலும் பேசிக்கொள்ளும் முறை. பழைய பெர்ஃப் புதிய கெர்னலில் ஓட வேண்டும், புதிய பெர்ஃப் பழைய கெர்னலிலும் ஓட வேண்டும். பெர்ஃப் ஈவென்ட் ஓப்பன் என்ற சிஸ்டம் காலுக்குக் கொடுக்கும் அமைப்பில் அதன் அளவே ஒரு புலமாக இருக்கிறது. முதல் பதிப்பில் 64 பைட். பிறகு எத்தனையோ புலங்கள் கடைசியில் ஒட்டப்பட்டுவிட்டன. கெர்னலுக்குத் தெரியாத புலத்தில் பூஜ்யம் இல்லாமல் வேறு மதிப்பு வந்தால் அது மறுத்துவிடும். உடனே கருவி அந்த வசதியை விட்டுவிட்டு மறுபடி கேட்கும். இப்படிப் படிப்படியாக இறங்கும் கோடு பெர்ஃபில் நிறைய. புதுவயல் அண்ணன் மாட்டிக்கொண்ட இறக்கமும் அந்தக் குடும்பம்தான். இறங்குவது தப்பில்லை. இறங்கியதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து, கெர்னல் ஹெட்டர்களின் (எண்களும் அமைப்புகளும் வரையறுக்கப்பட்ட கோப்புகள்) நகல்கள். கருவி தனக்கென்று ஒரு நகல் வைத்திருக்கும். மூலம் மாறினால் கட்டும்போது "இரண்டும் ஒத்துப்போகவில்லை" என்று எச்சரிக்கை வரும். யாராவது உட்கார்ந்து வித்தியாசத்தைப் படித்து, கருவியைப் பாதிக்குமா என்று பார்த்து, நகலைப் புதுப்பிக்க வேண்டும். பெர்ஃப் டிரேஸ் காட்டும் ஐயாக்டில் (சாதனங்களுக்கான கட்டளை) பெயர்கள் எல்லாம் இந்த நகல்களிலிருந்துதான் உருவாகின்றன.

சிப் தயாரிப்பாளர்களின் ஈவென்ட் பட்டியல்கள் ஜேசன் கோப்புகளாக உள்ளே இருக்கின்றன. ஒவ்வொரு புது சிப்புக்கும் புதுக் கோப்பு, பழைய கோப்பில் திருத்தம். ஒரு சூத்திரத்தில் ஒரு ஈவென்ட் பெயர் பிசகினால் அந்த அளவீடு முழுக்கப் பொய்.

வன்பொருளும் சும்மா இருப்பதில்லை. ஒரு சிப்பில் எல்லாக் கோர்களும் ஒரே வகை என்று நம்பி எழுதிய கோடு ஏராளம். 2021-இல் இன்டெலின் ஆல்டர் லேக் வந்து, ஒரே சிப்பில் பெரிய கோர் ஒரு வகை, சிறிய கோர் ஒரு வகை என்று ஆனதும், சைக்கிள்ஸ் என்று கேட்டால் எந்த வகையின் சைக்கிள் என்ற கேள்வி வந்தது. இப்போது இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டுகிறது. அதைச் சரிசெய்ய எத்தனை இடத்தில் கை வைத்தார்கள் என்பதை கிட் வரலாற்றில் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

கடைசியாகச் சோதனைகள். பெர்ஃப் டெஸ்ட் என்று ஒரு கமாண்ட் போட்டாலே வரிசையாக ஓடும். ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிய சோதனைகள் டெஸ்ட்ஸ் அடைவுக்குள் இருக்கின்றன. நீ தொடங்க வேண்டிய இடம் அதுதான். கல்லூரி லேபில் உள்ள பழைய மெஷினில் ஓட்டிப் பார். ஏதாவது ஒன்று தோற்கும். ஏன் தோற்றது என்று கண்டுபிடிப்பதே உன் முதல் பேட்சாக ஆகும்.

---

தேவகோட்டை_ரஸ்தா | புதன், காலை 6:50

> இறங்கியதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

இதில் நான் முழுதாக ஒத்துப்போக மாட்டேன். எங்களிடம் பெர்ஃபின் வெளியீட்டை வெட்டி எடுக்கும் ஸ்கிரிப்டுகள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. பாதிப் பேர் பிழை வெளியீட்டையும் சாதாரண வெளியீட்டையும் ஒன்றாகக் கலந்து கோப்பில் போடுகிறார்கள். புதிதாக ஓர் எச்சரிக்கை வரி வந்தால் இரவோடு இரவாக எங்கள் டாஷ்போர்டு உடையும். விர்ச்சுவல் மெஷினில் சிபியு-கிளாக்தான் கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை ஒவ்வொரு முறையும் திரையில் கொட்டுவது உதவி ஆகாது.

---

காரைக்குடி_கெர்னல் | புதன், காலை 9:02

உங்கள் ஸ்கிரிப்டின் கஷ்டம் புரிகிறது அண்ணே. ஆனால் யாருக்காக எழுதுகிறோம் என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சார்ட்டர் பழுது பார்ப்பவருக்கு ஏன் தெரிய வேண்டும்? அவர் அன்லாக் வரியை நம்பி பூட்டைப் பிரித்திருந்தால், மாதக்கணக்கில் உழைப்பு வீண், டிரைவரில் புதுப் பிழைகள் வேறு.

திரையில் கொட்ட வேண்டாம் என்றால், ரிப்போர்ட்டின் தலைப்பில் ஒரு வரி சேர்க்கலாம். ஏற்கெனவே அங்கே ஹாஷ் குறியிட்ட வரிகள் பல இருக்கின்றன, ஒழுங்காக எழுதிய ஸ்கிரிப்ட் எல்லாம் அவற்றைத் தாண்டிவிடும். "இது டைமர் வழி எடுத்த சாம்பிள், இன்டரப்ட் மூடிய நேரம் அதைத் திறந்த இடத்தில் விழும்" என்று இருந்தால் போதும்.

கெர்னல் பக்கத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. சாம்பிள் எடுக்கும் இன்டரப்டே அதிக நேரம் எடுத்தால் கெர்னல் தானாக உச்ச சாம்பிள் வேகத்தைக் குறைக்கும். சிபியு நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் அதற்குப் போகக் கூடாது என்பது இயல்பு வரம்பு. குறைத்ததும் என்ன செய்கிறது? இன்டரப்ட் எவ்வளவு நேரம் எடுத்தது, வேகத்தை எந்த எண்ணுக்கு இறக்கினேன் என்று டிமெசேஜில் எழுதி வைக்கிறது. அந்த ஒழுக்கம் கருவிப் பக்கமும் வேண்டும் என்கிறேன்.

---

தேவகோட்டை_ரஸ்தா | புதன், காலை 9:20

தலைப்பு வரி என்றால் சம்மதம்.

---

கானாடுகாத்தான் | புதன், பிற்பகல் 3:10

ஸ்டாக், அதாவது யார் யாரை அழைத்தார் என்ற அடுக்கு, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எந்தச் செயல்கூறு என்பதைவிட, அதை யார் அழைத்தார் என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்த வழியைப் பின்னோக்கிப் போக, ஒவ்வொரு அழைப்பின் இடத்தையும் காட்டும் ஃப்ரேம் பாயின்டர் வேண்டும். ஒரு ரெஜிஸ்டர் மிச்சமாகும் என்று கம்பைலர்கள் அதை வெட்டிவிட்டன. பிறகு, பிழைதிருத்தத் தகவலை வைத்து வழியைக் கண்டுபிடிக்கும் ட்வார்ஃப் முறை வந்தது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஸ்டாக்கில் 8 கேபி நகலெடுத்துக் கோப்பில் கொட்டும். கோப்பு வீங்கும், சாம்பிள் தொலையும், 8 கேபிக்கு மேல் ஆழமான ஸ்டாக் பாதியில் அறுந்து நிற்கும். கெர்னல் தன் பங்குக்கு 4.14-இல் ஆர்க் என்று தனி வழி கண்டுகொண்டது, ஆனால் அது எக்ஸ்86-க்கு. பயனர் நிரல்களுக்கு 2023-இல் ஃபெடோரா 38-உம், அடுத்த ஆண்டு உபுண்டு 24.04-உம் ஃப்ரேம் பாயின்டரை மறுபடி சேர்த்துக் கட்டத் தொடங்கின. கொஞ்சம் வேகம் போனாலும் பரவாயில்லை, எங்கே வேகம் போகிறது என்று பார்க்க முடிய வேண்டும் என்ற முடிவு அது. என்னைக் கேட்டால், பத்து வருடம் முன்பே எடுத்திருக்க வேண்டியது.

---

புதுவயல்_பட்டறை | வெள்ளி, இரவு 8:25

பார்த்துவிட்டேன். விவரமாகவே எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

போர்டோடு வந்த டிவைஸ் ட்ரீயில் பிஎம்யு நோட் இல்லவே இல்லை. கையேட்டிலிருந்து நான்கு இன்டரப்ட் எண்களையும் எடுத்துச் சேர்த்தேன். பூட்டாகும்போது, ஆர்ம்வி8 கார்டெக்ஸ் ஏ53 பிஎம்யு டிரைவர், 7 கவுன்டர் கிடைக்கும் என்று ஒரு வரி வந்தது. பெர்ஃப் இப்போது சைக்கிள்ஸ் எடுக்கிறது. நீங்கள் சொன்னபடியே அன்லாக் அப்படியே உச்சியில் நிற்கிறது, ஜிஐசி-400-தான்.

ஐஆர்க்யூஸ்ஆஃப் சேர்த்துக் கெர்னலைக் கட்டி ஆலைக்கே எடுத்துப் போனேன். பட்டறையில் ஒன்றும் பெரிதாக வரவில்லை. ஆலையில் அரிசி விழுந்து வால்வுகள் படபடவென்று அடிக்க ஆரம்பித்ததும், மிக நீண்ட மூடல் 700 மைக்ரோ வினாடியைத் தாண்டிவிட்டது. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் வால்வுகளுக்குக் கட்டளை அனுப்பும் எஸ்பிஐ (சிப்புகளை இணைக்கும் தொடர் கம்பி வழி) டிரைவர். இன்டரப்டை மூடிப் பூட்டை எடுத்துவிட்டு, அனுப்ப வேண்டியவை வரிசையில் நிற்கும் ஃபைஃபோ காலியாகிவிட்டதா என்று ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே நிற்கிறது. அந்தக் கோரில்தான் கேமராவின் இன்டரப்டும் வருகிறது. பூட்டுக்குப் போட்டி போட ஆளே இல்லை. அந்தப் பூட்டை வேறு யாரும் கேட்கவில்லை.

இப்போதைக்குக் கேமரா இன்டரப்டை வேறு கோருக்கு மாற்றிவிட்டேன், ஃப்ரேம் விடுவது நின்றது. டிரைவரில் காத்திருக்கும் பகுதியைப் பூட்டுக்கு வெளியே எடுத்து, கோரைக் காக்க வைக்காமல் வன்பொருளே தரவை நகர்த்தும் டிஎம்ஏ வழி அனுப்பும் திருத்தம் நடக்கிறது.

ஆலையில் இன்னொன்றும் கவனித்தேன். மதியம் பெர்ஃப் ஸ்டாட்டில் சைக்கிள்ஸ் பக்கத்தில் காட்டும் கிகாஹெர்ட்ஸ் காலையில் இருந்ததைவிடக் குறைவு. தகரக் கூரை, தவிட்டுத் தூசி, பெட்டிக்குள் வெக்கை.

---

காரைக்குடி_கெர்னல் | வெள்ளி, இரவு 9:10

அருமை அண்ணே. அதுவும் அளவீட்டைக் கெடுக்கும். சிப் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. காலை எண்ணையும் மதிய எண்ணையும் நேராக ஒப்பிடாதீர்கள். பவர் பிரிவில் சிபியு ஃப்ரீக்வன்சி என்ற டிரேஸ்பாயின்டையும் (கெர்னலில் ஏற்கெனவே வைத்திருக்கும் பதிவு இடம்), தெர்மல் பிரிவில் வெப்பநிலை டிரேஸ்பாயின்டையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், எப்போது இறங்கியது என்று நேரத்தோடு தெரியும். இரண்டு கெர்னலை ஒப்பிட வேண்டுமானால் வேகத்தை ஒரே எண்ணில் நிறுத்தி, சிப் தாங்கும் அளவுக்குக் கீழே வைத்து ஓட்டுங்கள்.

---

கழனிவாசல்_மாணவி | வெள்ளி, இரவு 10:02

அண்ணா, தலைப்பு வரிக்கான பேட்சை நான் எழுதிப் பார்க்கலாமா? கூடவே, பிஎம்யு இல்லாத மெஷினில் ரெக்கார்ட் போட்டு, தலைப்பில் அந்த வரி வருகிறதா என்று பார்க்கும் ஷெல் சோதனையும் எழுதுகிறேன். என் லேப்டாப்பில் பிஎம்யு இருக்கிறதே, எதில் சோதிப்பது?

---

காரைக்குடி_கெர்னல் | வெள்ளி, இரவு 10:40

தாராளமாக. விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் க்யூஎம்யுவில் பிஎம்யு இல்லாமல் ஒரு மெஷின் எழுப்பிக்கொள், ஒரு ஆப்ஷன்தான். முதலில் பெர்ஃபின் புது மாற்றங்கள் சேரும் பெர்ஃப்-டூல்ஸ்-நெக்ஸ்ட் மரத்தை இழுத்து, இன்றைய நிலையில் ரெக்கார்ட் என்ன சொல்கிறது என்று பார். நாம் பேசுவது 5.15-ஐ வைத்து, நடுவில் யாராவது மாற்றியிருந்தால் அதன் மேல்தான் எழுத வேண்டும். கட்டும்போது வரும் பட்டியலில் எந்த நூலகம் ஆஃப் என்று இருக்கிறது என்பதையும் கவனி. டிரேஸ்பாயின்ட் பதிவுகளைப் படிக்கும் லிப்டிரேஸ்ஈவென்ட் இல்லாவிட்டால் பாதிக் கருவி ஓசையில்லாமல் போய்விடும்.

பேட்சின் விளக்கத்தில் புதுவயல் கதையையே எழுது: என்ன போர்டு, என்ன காட்டியது, உண்மையில் என்ன நடந்தது. எடுத்த எடுப்பில் நிரலைப் பற்றிப் பேசாதே. எழுத்து முறையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டு, உன் பெயரில் கையொப்ப வரி போடு, வெறும் உரையாக அனுப்பு. அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை காட்டு. பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், மாற்றச் சொல்லித் திருப்பியும் அனுப்புவார்கள், அது வழக்கம்.

---

புதுவயல்_பட்டறை | சனி, காலை 8:15

நோட் சேர்க்காத பழைய டிவைஸ் ட்ரீயோடு ஒரு போர்டு பட்டறையில் சும்மா கிடக்கிறது. க்யூஎம்யுவோடு நிஜ வன்பொருளிலும் ஓட்டிப் பார்த்துவிடலாமே. வீட்டில் சொல்லிவிட்டு, தோழி யாரையாவது கூட்டிக்கொண்டு வாம்மா. ஞாயிறு ஆலை ஓடாது, பெட்டியும் உங்களுக்கே. ரிப்போர்ட் கோப்புகளையும் ஐஆர்க்யூஸ்ஆஃப் பதிவையும் பெயர் போட்டு எடுத்து வைக்கிறேன்.